ரிலீவர்

1983இல் நாங்கள் தங்கியிருந்த வீட்டில் இரண்டு கட்சிகள் இருந்தன. ரஜினி கட்சியும் கமல் கட்சியும் எல்லா வீட்டிலும் இருந்தது, அதைச் சொல்லவில்லை. எங்களிடம் கூடுதலாக ஒரு சர்மா கட்சியும் ஒரு மல்ஹோத்ரா கட்சியும் இருந்தன.

ஓசூர் சிப்காட்டில் வேலை கிடைத்த ஐ.டி.ஐ. பையன்கள் சேர்ந்து பாகலூர் ரோட்டுப் பக்கம் வாடகைக்கு எடுத்த ஓட்டு வீடு அது. ஆளுக்கொரு பாய், ஆளுக்கொரு டிரங்குப் பெட்டி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு தினசரிப் பேப்பர். ராகி விளைந்த நிலங்களில் லேத்தும் மில்லிங் மெஷினும் இறங்கிக்கொண்டிருந்த காலம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் சண்டை போடத் தெரிந்தவன்தான் ஊரில் உள்ளூர்க்காரன். நாங்கள் தமிழை மட்டும் வைத்துக்கொண்டு காவேரிப்பட்டணத்திலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் வந்திருந்தோம்.

பேப்பரில் இரண்டு விமானப்படை அதிகாரிகளின் படம் அவ்வப்போது பக்கத்தில் பக்கத்தில் வரும். ஒருவர் ஸ்குவாட்ரன் லீடர் ராகேஷ் சர்மா. இன்னொருவர் விங் கமாண்டர் ரவீஷ் மல்ஹோத்ரா. இருவரும் சோதனை விமானிகள். 1982 செப்டம்பரில் தேர்வாகி, மாஸ்கோவுக்குப் பக்கத்தில் ஸ்டார் சிட்டியில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பாடம், ஒரே ரஷ்ய மொழி, ஒரே உடற்பயிற்சி. ஆனால் ராக்கெட்டில் ஓர் இந்தியருக்குத்தான் இடம்.

நான் மல்ஹோத்ரா கட்சி. அவர் 1943இல் பிறந்தவர், சர்மா 1949. பதவியிலும் மல்ஹோத்ராதான் மேலே. சீனியர் இருக்கும்போது ஜூனியரை அனுப்பினால் யூனியன் சும்மா விடுமா என்பது என் வாதம். விமானப்படையில் யூனியன் கிடையாது என்று சர்மா கட்சிக்காரன் ஒருவன் சொன்னான். அப்படியும் ஒரு வேலை உண்டா என்று நாங்கள் அவனை நம்பவில்லை.

கடைசியில் சர்மா என்று முடிவானது. மல்ஹோத்ரா மாற்று வீரர். அன்று ராத்திரி ஷிஃப்டில் இந்த வருத்தத்தை எங்கள் சார்ஜ்மேனிடம் சொன்னேன். அவர் சூளகிரிப் பக்கத்துக்காரர். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், எல்லோரும் ‘சாமி’தான்.

“இதுல என்ன சாமி வருத்தம்? அவரு ரிலீவரு. ரிலீவர் இல்லாம எவன் ஷிஃப்ட்டு ஓடுது?” என்றார்.

எங்கள் தொழிற்சாலையில் அந்தச் சொல்லுக்கு இருந்த எடையை வெளியே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். நான் இருந்தது ஹீட் ட்ரீட்மெண்ட் பகுதி. பல்சக்கரங்களைத் தொள்ளாயிரம் டிகிரிக்கு மேல் சூடேற்றி, மேல்தோலில் கரியை ஏற்றி, எண்ணெயில் அமுக்கிக் கடினமாக்கும் வேலை. சங்கு ஊதிவிட்டது என்பதற்காக ஃபர்னஸை விட்டுவிட்டுப் போக முடியாது. அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து, மீட்டரைப் பார்த்து, லாக் புக்கில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நாம் நகரலாம். அவன் வரவில்லை என்றால் நம் ஷிஃப்ட் முடியவில்லை, அவ்வளவுதான். டிஃபன் பாக்ஸ் காலியாகி, தூக்கம் கண்ணைக் கட்டி, கேட்டைப் பார்த்தபடி நின்ற காலைகள் எனக்கு நிறைய உண்டு. வருகிறவனுக்கு நாம் செய்யும் வேலை அத்தனையும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பங்கு குறைவாகத் தெரிந்தாலும் ஃபர்னஸை ஒப்படைக்க முடியாது.

1984 ஏப்ரல் 3, செவ்வாய்க்கிழமை. நம் நேரத்துக்கு மாலை 6.38 மணிக்கு பைக்கனூரிலிருந்து சோயுஸ் டி-11 கிளம்பியது. சர்மாவோடு யூரி மாலிஷெவ், கென்னடி ஸ்ட்ரெகலோவ் என்று இரண்டு சோவியத் வீரர்கள். அந்த வாரம் இந்திரா காந்தி பேசியதை ஒரு ரேடியோக் கடை வாசலில் நின்று டிவியில் பார்த்தோம். ஓசூரில் பெங்களூர் தூர்தர்ஷன் எடுக்கும். மூங்கிலில் கட்டிய ஆன்டெனாவைத் திருப்ப மாடியில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். மேலிருந்து பார்க்க இந்தியா எப்படி இருக்கிறது என்று பிரதமர் கேட்டார். சர்மா இக்பாலின் பாட்டிலிருந்து ஒரு வரியைப் பதிலாகச் சொன்னார். இந்தி புரியாத கூட்டம், ஆனால் கைதட்டியது. நானும் தட்டினேன். அப்புறம் மல்ஹோத்ராவைக் காட்டுவார்கள் என்று காத்திருந்தேன். காட்டவில்லை.

விண்வெளி விஷயத்தில் எனக்கு இந்தக் கோணல் புத்தி சின்ன வயசிலேயே இருந்தது. 1969 ஜூலை 21 திங்கட்கிழமை, நம் நேரப்படி காலை 8.26க்கு ஆம்ஸ்ட்ராங் நிலாவில் கால் வைத்தார். எனக்கு ஒன்பது வயது. அந்நேரம் வரப்பில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பேன். சாயங்காலம் பஞ்சாயத்து ரேடியோவில் செய்தி கேட்டோம். ஆடி மாதக் காற்று. மேற்கே ஏறக்குறைய அரை நிலா நின்றது. பெரியவர்கள் அதைப் பார்த்தார்கள், ரேடியோவைப் பார்த்தார்கள், மறுபடி அதைப் பார்த்தார்கள்.

மறுநாளே எங்களுக்குள் நிலா விளையாட்டு ஆரம்பமாகிவிட்டது. வைக்கோல்போர்தான் நிலா. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் மேலே ஏறுவார்கள். மூன்றாவது ஆள் மைக்கேல் காலின்ஸ், போரைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அவர்கள் இறங்கும்வரை நிற்கக் கூடாது. கூட்டத்தில் நான்தான் பொடியன், ஆகவே நான்தான் எப்போதும் காலின்ஸ். மேலே ஏறியவர்கள் இறங்குகிற மாதிரியே தெரியாது. எனக்கு மூச்சு வாங்கும்.

பின்னாளில் படித்தபோது உண்மையான காலின்ஸும் அதைத்தான் செய்தார் என்று தெரிந்தது. தாய்க்கலத்தில் தனியாக நிலாவைச் சுற்றிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 48 நிமிடம் நிலாவின் பின்பக்கம். அங்கே ரேடியோ கேட்காது, பூமி தெரியாது. கீழே இறங்கிய இரண்டு பேரால் மேலேறி வர முடியாமல் போனால், அவர் மட்டும் தனியாகத் திரும்பி வர வேண்டும். அதற்கும் அவர் பயிற்சி எடுத்திருந்தார்.

எண்பதுகளில் எங்களுக்கு இதெல்லாம் தெரிய வைத்தவை பத்திரிகைகள்தான். சுஜாதா அப்போது பெங்களூர் பி.இ.எல்.லில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது கிலோமீட்டர் தொலைவில் உட்கார்ந்து அவர் எழுதுகிறார் என்பதே எங்களுக்கு ஒரு பெருமை. அதிலிருந்து அமெரிக்கர்களின் மாற்று வீரர்கள் கதையைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, நிலவுப் பயணம் முழுவதும் ரிலீவர்களின் கதையாகத் தெரிந்தது.

1968 டிசம்பரில் முதன்முதலாக நிலாவைச் சுற்றிய அப்பல்லோ 8இல் காலின்ஸ் போயிருக்க வேண்டும். அவருக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை ஆனதால், மாற்று வீரராக இருந்த ஜிம் லவல் அவர் இடத்தில் போனார். உடம்பு தேறி வந்த காலின்ஸுக்கு அப்பல்லோ 11 கிடைத்தது. அந்த அப்பல்லோ 11இல் ஆம்ஸ்ட்ராங்குக்கு மாற்றாகத் தயாராக இருந்தவர் அதே லவல். ஆம்ஸ்ட்ராங்குக்கு அந்த வாரம் காய்ச்சல் வந்திருந்தால் உலகம் இன்று வேறு ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

1970 ஏப்ரலில் அப்பல்லோ 13. மாற்றுக் குழுவில் இருந்த சார்லி டியூக்குக்கு ஜெர்மன் அம்மை வந்தது. கூடவே பழகியவர்களில் கென் மாட்டிங்லிக்கு மட்டும் அந்த நோய்க்கு எதிர்ப்புச் சக்தி இல்லை. கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது அவரை இறக்கிவிட்டு ஜாக் ஸ்விகர்ட்டை ஏற்றினார்கள். வழியில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. லவல், ஸ்விகர்ட், ஃப்ரெட் ஹெய்ஸ் மூவரும் நிலாவில் இறங்காமல், அதைச் சுற்றிக்கொண்டு உயிரோடு திரும்பினார்கள். அணைத்து வைத்த கலத்தை மிகக் குறைந்த மின்சாரத்தில் மறுபடி உயிர்ப்பிக்கும் முறையைத் தரையில் இருந்தபடி வகுத்தவர்களில் மாட்டிங்லியும் ஒருவர். அவருக்குக் கடைசிவரை அம்மை வரவே இல்லை. இரண்டு வருடம் கழித்து அப்பல்லோ 16இல் அவரும் டியூக்கும் ஒன்றாகவே போனார்கள். டியூக் நிலாவில் நடந்தார். மாட்டிங்லி மேலே சுற்றினார்.

1995இல் லவலின் கதை சினிமாவாக வந்தது. பெங்களூருக்குப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தோம். படம் முடிந்து வரும்போது கூட வந்தவர்கள் லவலைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அத்திப்பள்ளி செக்போஸ்ட் வரும்வரை மாட்டிங்லி நினைப்புதான்.

நம் நாட்டிலும் அப்படிப்பட்டவர்கள் மல்ஹோத்ராவோடு நிற்கவில்லை. அமெரிக்க விண்வெளி ஓடத்தில் இன்சாட் செயற்கைக்கோளோடு போவதற்காக இஸ்ரோவின் என்.சி. பட், பி. ராதாகிருஷ்ணன் என்ற இருவர் தேர்வாகியிருந்தார்கள். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். அந்த வாய்ப்பு அத்தோடு போயிற்று. அவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.

நான் பெரிய தொழிற்சாலையிலிருந்து விருப்ப ஓய்வில் வெளியே வந்து, சிப்காட்டிலேயே ஒரு சின்ன யூனிட்டில் இன்ஸ்பெக்‌ஷன் வேலைக்குச் சேர்ந்தேன். ஓசூரில் இந்த மாதிரி யூனிட்டுகள் நிறைய. மோட்டார் கம்பெனிகளுக்கும் கடிகாரக் கம்பெனிக்கும் ஜாப் ஒர்க் செய்து பிழைப்பவை. வண்டி விற்பனை படுத்த ஒரு சமயம், முதலாளி விமான பாகங்கள் பக்கம் போகலாம் என்று துணிந்தார். விமானம் எங்கள் ஊருக்குப் புதிதில்லை. தளி ரோட்டில் பேளகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் தொழிற்சாலையும் அதற்கென்று ஒரு ஓடுபாதையும் இருக்கின்றன. ஆறு பேர் உட்காரும் இரட்டை எஞ்சின் விமானங்களை அங்கே செய்தார்கள். பெங்களூர் தேசிய விமானவியல் ஆய்வகம் வடிவமைத்த ஹன்சா என்ற இரண்டு பேர் பயிற்சி விமானமும் அங்கே தயாரானது. ரோஜாப் பசுமைக்குடில்களுக்கும் முட்டைக்கோஸ் தோட்டங்களுக்கும் மேலே அது தாழப் பறந்து திரும்புவதை வேலி ஓரம் நின்று பார்த்திருக்கிறேன்.

பார்ப்பது வேறு, அதற்குப் பாகம் செய்வது வேறு. எங்களுக்கு வந்த முதல் ஆர்டர் அலுமினியத்தில் ஒரு சின்னத் தாங்கி. அளவெல்லாம் மைக்ரான் கணக்கில் சரியாக வந்தது. பர் எடுத்து, கழுவி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி அனுப்பினோம். மொத்தமும் திரும்பி வந்தது. எந்தக் கட்டியிலிருந்து எந்தப் பாகம் வெட்டப்பட்டது என்ற ஹீட் நம்பர் ரூட் கார்டில் ஒரு கட்டத்தில் விட்டுப்போயிருந்தது. பாகத்தில் குற்றமில்லை, பேப்பரில்தான் குறை, என்று முதலாளி போனில் கெஞ்சினார். பயனில்லை. அத்தனையும் ஸ்க்ராப்புக்குப் போயின. அந்த மாதச் சம்பளம் எங்களுக்கு இரண்டு தவணையாக வந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தொழில் பத்திரிகையில் ரவீஷ் மல்ஹோத்ராவின் பெயரை மறுபடி பார்த்தேன். ஏர் கமடோராக ஓய்வு பெற்று, பெங்களூர் டைனமேட்டிக் நிறுவனத்தின் விமானப் பாகங்கள் பிரிவில் பொறுப்பில் இருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஏதோ நிம்மதியும் வந்தது. விண்வெளிக்குப் போகாமல் நின்றவர், தான் ஏறப்போகாத விமானங்களுக்குப் பாகம் செய்கிற தொழிலுக்கே வந்து சேர்ந்திருக்கிறார். எங்கள் தொழிலுக்கு! அவரை நான் நேரில் பார்த்ததில்லை, பார்க்க முயற்சி செய்ததும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து ரூட் கார்டில் கையெழுத்துப் போடும்போது, இந்த வேலைக்கு நம்மைவிட ஒழுங்கான ஒருவர் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைப்பு ஒட்டிக்கொண்டது.

நிலாவுக்கே ஒரு மாற்று நம் பக்கம் இருந்தது என்பது சந்திரயான்-2 சமயத்தில் தெரிந்தது. லேண்டரையும் ரோவரையும் சோதித்துப் பார்க்க இஸ்ரோவுக்கு நிலவு மண் மாதிரி மண் வேண்டியிருந்தது. நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களில் கிடைக்கும் அனார்த்தசைட் பாறை அதற்குப் பொருந்தியது. சேலத்தில் பொடியாக்கி, டன் கணக்கில் பெங்களூருக்குக் கொண்டுபோய்ச் சோதனைக்கூடத்தில் பரப்பினார்கள். நிலாவின் மேட்டுநிலங்களில் இருக்கும் மண் அந்த ரகம். டியூக்கும் ஜான் யங்கும் அப்பல்லோ 16இல் சுமார் 95 கிலோ அள்ளி வந்ததும் அப்படிப்பட்ட மேட்டுநிலத்திலிருந்துதான். சேலத்திலிருந்து பெங்களூர் போகிற லாரிக்கெல்லாம் எங்கள் ரோடுதான் வழி. கிருஷ்ணகிரி டோல்கேட்டில் தார்பாய் போட்டு நின்ற எத்தனையோ லாரிகளில் எதில் நிலா போயிற்றோ.

இதற்கிடையில் அந்த முதல் தலைமுறை ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தது. 2012 ஆகஸ்டில் ஆம்ஸ்ட்ராங் இறந்தபோது யூனிட்டே பேசியது. அடுத்தடுத்து ஜீன் செர்னன், ஜான் யங், ஆலன் பீன் என்று போனபோது நான் மட்டும் பேப்பரை வெட்டி எடுத்து வைத்தேன். காலின்ஸ் 2021 ஏப்ரல் 28 அன்று, தொண்ணூறு வயதில் இறந்தார். இங்கே கொரோனா இரண்டாம் அலை. வீட்டுக்கு வீடு ஆக்சிஜன் சிலிண்டருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்த வாரம் அது. எங்கோ ஓர் அமெரிக்கக் கிழவருக்காக வருத்தப்படுகிறேன் என்று யாரிடமும் சொல்ல முடியவில்லை. 2023இல் மாட்டிங்லியும், அடுத்த வாரமே அப்பல்லோ 8இன் தலைவர் ஃப்ராங்க் போர்மனும். 2024 ஜூனில், பூமி நிலாவின் விளிம்பில் எழுவதைப் படமெடுத்த பில் ஆண்டர்ஸ், தொண்ணூறு வயதில் தன் சிறு விமானத்தைத் தானே ஓட்டிப்போய்க் கடலில் விழுந்தார். 2025 ஆகஸ்ட் 7 அன்று 97 வயதில் லவல். அப்பல்லோ 8 குழுவில் இனி ஒருவரும் இல்லை.

இதை எழுதும் 2025 டிசம்பரில், நிலாவரை போன 24 பேரில் ஐந்து பேர் இருக்கிறார்கள். நடந்த 12 பேரில் நான்கு பேர்: ஆல்ட்ரின், டேவிட் ஸ்காட், டியூக், ஹாரிசன் ஷ்மிட். நால்வருக்கும் தொண்ணூறோ அதற்கு மேலோ.

வயதானவர்கள் இறப்பது உலக வழக்கம். இவர்கள் விஷயத்தில் என்னை உறுத்துவது வேறு. 1972 டிசம்பர் 14 அன்று செர்னன் ஏணியில் ஏறிக் கதவைச் சாத்தியதோடு அந்த ஷிஃப்ட் நின்றது. அதன்பின் இன்றுவரை அங்கே யாரும் போய் நிற்கவில்லை. ஐம்பத்து மூன்று வருடம் ரிலீவர் வராத ஷிஃப்ட். செர்னன் தானே கடைசி ஆளாக இருக்கக் கூடாது என்று நினைத்தவர். அப்படியே 2017இல் போய்ச் சேர்ந்தார்.

எல்லாம்தான் எழுதி வைத்திருக்கிறார்களே என்று என் மகன் சொல்கிறான். உண்மை. பேசியது, பறந்தது, பழுதானது எல்லாவற்றுக்கும் பேப்பர் இருக்கிறது, ஒலிநாடா இருக்கிறது. நான் பேப்பரை மதிக்கிறவன். பேப்பர் இல்லாததற்காக நல்ல பாகங்கள் ஸ்க்ராப் ஆனதைப் பார்த்தவன். ஆனால் ஃபர்னஸ் லாக் புக்கை நாற்பது வருடத்துக்கு ஒழுங்காக எழுதி வைத்தாலும், அதைப் படித்துவிட்டு மட்டும் ஒருவன் ஃபர்னஸை எடுத்துக்கொள்ள முடியாது. பழைய ஆள் பக்கத்தில் நிற்க, புது ஆள் நாலு கேள்வி கேட்டே ஆக வேண்டும். “இந்தச் சத்தம் வந்தா என்னண்ணே பண்றது?” என்று கேட்பான் பாருங்கள், அந்தக் கேள்விக்கான பதிலை யாரும் லாக் புக்கில் எழுதியிருக்க மாட்டான். யாராவது கேட்கும்வரை அது தனக்குத் தெரியும் என்பதே அவனுக்குத் தெரியாது. நிலவுக்காரர்களிடம் அப்படிக் கேட்கத் தகுதியான புது ஆட்கள், அங்கே போய் வந்து கேட்கும் ஆட்கள், இத்தனை காலமாக வரவில்லை. கேட்கப்படாத பதில்களோடு அவர்கள் போகிறார்கள்.

நம் கணக்கும் அதைவிட மேலாக இல்லை. சர்மாவுக்கு அடுத்து இந்திய விமானப்படையிலிருந்து ஒருவர் விண்வெளிக்குப் போக 41 வருடம் ஆயிற்று. 2025 ஜூன் 25 அன்று சுபான்ஷு சுக்லா கிளம்பினார். கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ்த் தொழிற்சாலைகள் இராப்பகலாக ஓடும் மாதம். அவர் மாம்பழச் சாறு கொண்டுபோகிறார் என்ற செய்தி வந்ததும், அது நம்ம காவேரிப்பட்டணத்துப் பழமாகத்தான் இருக்கும் என்று டீக்கடையில் ஒருவர் அடித்துச் சொன்னார். நான் வேறு ஒரு பெயரைத் தேடினேன். சுக்லாவுக்கு மாற்றாகப் பயிற்சி எடுத்தவர் குரூப் கேப்டன் பிரசாந்த் நாயர். கேரளக்காரர். ககன்யானுக்குத் தேர்வான நால்வரில் ஒருவர்.

அந்தப் பயணத்தைப் பார்க்க மல்ஹோத்ரா உயிரோடு இருந்தார். மூன்று மாதம் கழித்து, செப்டம்பர் 29 அன்று, 81 வயதில் பெங்களூரில் காலமானார். 1984 பயணத்துக்கு முதன்மைக் குழுவில் மூன்று பேர், மாற்றுக் குழுவில் மூன்று பேர். மாலிஷெவ் 1999இல் போனார், ஸ்ட்ரெகலோவ் 2004இல், மல்ஹோத்ராவோடு நின்ற பெரெசவோய் 2014இல், கிரெச்கோ 2017இல். மல்ஹோத்ராவும் போனபின், அந்த ஆறு பேரில் மிச்சம் இருப்பவர் குன்னூரில் வசிக்கும் ராகேஷ் சர்மா மட்டுமே.

செய்தி வந்த நாள் ஓசூரில் எல்லா யூனிட்டும் கழுவிக்கொண்டிருந்தது. மறுநாள் ஆயுத பூஜை. வேலையை விட்டு வருடங்கள் ஆனாலும் அன்றைக்கு மட்டும் எனக்கு அழைப்பு உண்டு. மண்ணெண்ணெயும் துணியும் வைத்து மெஷின்களைத் துடைத்து, வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைக்கத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். கையிலிருந்த பேப்பரில் பெட்டிச் செய்தியாக மல்ஹோத்ரா இருந்தார். சி.என்.சி. ஓட்டும் பையன்கள் சுற்றி உட்கார்ந்து பொரிப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன், தேன்கனிக்கோட்டைப் பையன், யார் சார் இவரு என்று கேட்டான். சொன்னேன்.

“போகவே இல்லையா? அப்புறம் எதுக்கு சார் பேப்பர்ல போட்டிருக்காங்க?”

அவனுக்கு ஸ்ட்ரெகலோவ் கதையைச் சொன்னேன். முதலில் குழுவில் இருந்தவருக்கு உடம்பு முடியாமல்தான் அவர் சர்மாவின் பயணத்துக்கே வந்தார். அந்தப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்னால், 1983 செப்டம்பர் 26 அன்று, ஏவுதளத்திலேயே ராக்கெட் தீப்பிடித்தது. உச்சியில் இருந்த தப்பிப்பு எஞ்சின் கலத்தை மட்டும் பிய்த்துக்கொண்டு பறந்ததால் அவரும் விளாதிமிர் தித்தோவும் பிழைத்தார்கள். அப்படிப்பட்ட ராக்கெட்டில் ஏறக் கடைசி நிமிடம்வரை தயாராக நிற்பதும், கூப்பிடவில்லை என்றால் கோபப்படாமல் நகர்வதும் எல்லோராலும் முடியாது என்றேன். திரும்பி வந்ததும் சர்மாவுக்கு அசோக சக்கரமும் மல்ஹோத்ராவுக்குக் கீர்த்தி சக்கரமும் கொடுத்தார்கள் என்றும் சொன்னேன்.

“எது சார் பெருசு?”

“அசோக சக்கரம்.”

பையன் பொட்டலத்துக்கு நூல் சுற்றுவதை நிறுத்தினான். “ரெண்டு பேருக்கும் ஒரே டிரெயினிங்குன்னீங்க. நம்ம யூனிட்லயே ரிலீவருக்கும் அதே பேட்டாதானே சார்?”

போனவர் உயிரைப் பணயம் வைத்தார், எட்டு நாள் மேலே இருந்தார், விருதுக்கென்று விதி இருக்கிறது என்று நான் அடுக்கினேன். எல்லாம் சரியான பதில்கள்தான். ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் ஃபர்னஸுக்கும் இன்ஸ்பெக்‌ஷன் டேபிளுக்கும் நடுவே வாழ்ந்தவனுக்கு, இது பையன் பேசுகிற பேச்சு என்று தள்ள முடியவில்லை. அந்தத் தலைமுறை போகப் போக நாம் நினைவில் வைக்கப்போவது இறங்கியவர்களின் பெயரைத்தான். பரீட்சையிலும் அதற்குத்தான் மார்க். தயாராக நின்றவர்களின் கணக்கை யாராவது ஒருவர் தனியாக எழுதி வைக்க வேண்டும். பையன் சொன்னதுதான் நியாயம் என்று எல்லோர் முன்பும் ஒத்துக்கொண்டேன்.

“அப்ப ஒரு லெட்டர் போடுங்க சார்” என்றான்.

லெட்டருக்குப் பதிலாகத்தான் இதை எழுதியிருக்கிறேன்.